சுவரைப் பார்த்து நின்றவர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாஸ்வேர்டை யாரும் ரகசியமாக வைத்துக்கொண்டதில்லை. கம்ப்யூட்டர் சென்டரின் கவுன்ட்டருக்கு வருகிற பேராசிரியர்கள், பின்னால் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், கறிக்கடையில் எலும்பில்லாமல் போடச் சொல்லுகிற தொனியில் அதைச் சத்தமாகச் சொல்லுவார்கள். சிலர் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியே வைத்திருந்தார்கள். ஒரு துறையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். புதிதாகச் சேருகிறவருக்குத் துறைத்தலைவர் காபி வாங்கிக் கொடுத்து அதைச் சொல்லித் தருவார். திண்டுக்கல்லுக்கு வெளியே வத்தலக்குண்டு சாலையில் இருக்கிற தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். நான் அந்த சென்டரில் அலுவலக உதவியாளர். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அவர் வேலை பார்த்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டம் சார். யாராவது பாஸ்வேர்ட் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், நாற்காலியை விட்டு எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவார். அந்தச் சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. வெறும் வெள்ளைச் சுவர். அதில் என்ன இருக்கிறதென்று அப்படி உற்றுப் பார்ப்பாரோ!

"அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு சார்."

அதற்குப் பிறகுதான் திரும்புவார். வாயால் சொல்ல ஆரம்பிப்பவர்களை விடவே மாட்டார். "ஏங்க, எங்கிட்டச் சொல்லாதீங்க. செத்த இருங்க, நான் திரும்பிக்கிறேன், நீங்களே அடிங்க" என்பார். "அட, உங்களுக்குத் தெரிஞ்சா என்னய்யா ஆயிரப் போகுது?" என்று ஒருமுறை தமிழ்த்துறை ஐயா சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்கு ஒற்றை விரலால்தான் அடிக்கத் தெரியும். பெரிய எழுத்து எங்கே, சின்ன எழுத்து எங்கே என்று அவர் தேடி முடிக்கிறவரை சிஸ்டம் சார் சுவரைப் பார்த்தபடியே நின்றார். வரிசை வராந்தா வரைக்கும் நீண்டுவிட்டது. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சுவரு சார்'. அது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அதையும் கேளாதவர் போலவே இருந்துகொண்டார்.

ஆள் ஒல்லி. கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை, அதைப் பேண்ட்டுக்குள் விடுவது கிடையாது. சேவுகம்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு ஊர். பைக்கில் வருவார், பைக்கில் போவார். மத்தியானம் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். என் டப்பாவில் என்ன வெஞ்சனம் என்றுகூட எட்டிப் பார்க்கமாட்டார். எனக்கு அது எரிச்சலாகவே இருக்கும். மனுஷன் என்றால் "என்ன ஸ்டெல்லா, இன்னிக்கு மீனா?" என்று கேட்க வேண்டாமா? நானாக எடுத்து வைத்தால் சாப்பிடுவார். நன்றாயிருக்கிறது என்பார். அம்புட்டுதான்.

என் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளின் புதுநன்மைப் படங்கள் பென் டிரைவோடு போய்விட்டன ஒரு தடவை. அதைத் திறந்தாலே வைரஸ் என்று வந்தது. நான் அழுதேவிட்டேன்; மறுபடி எடுக்கிற படமா அது? இரண்டு நாள் மெனக்கெட்டு எல்லாவற்றையும் மீட்டு வேறொரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எப்படி சார் இருக்கா எம்பொண்ணு? அந்த வெள்ளைக் கவுன் நாகல் நகர்ல தச்சது."

"நான் படத்தத் திறக்கலம்மா. எல்லாம் வந்திருச்சான்னு எண்ணிக்கைய மட்டும்தேன் பாத்தேன்."

"ஒண்ணுகூடவா பாக்கல?"

"உங்க வீட்டுப் படம்மா அது."

முறைப்படி பார்த்தால் அவர் செய்தது சரி. ஆனால் எனக்கு மனது விட்டுப்போயிற்று. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவள் பெண்ணின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த வாரம் முழுக்க அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன் ஒரு நாள். சொன்னார். இங்கே வருவதற்கு முன்னால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தாராம். பத்தாவது ரிசல்ட் வருகிற நாளில் ஊரே அங்கே வந்து நிற்கும். இவர்தான் நம்பரை அடித்துத் திரையில் வந்ததைச் சத்தமாகப் படிப்பார். பாஸ் என்றால் ஒரு கைதட்டல், மிட்டாய். ஒரு பையனுக்கு ஃபெயில் என்று வந்தது. அதையும் அதே குரலில் படித்துவிட்டார். பையனுடைய அப்பா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அத்தனை பேர் முன்னாலேயும் செருப்பைக் கழற்றி அடித்தாராம்.

"அவென் பாக்குறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்மா. அதுதேன் தப்பு" என்றார். பிறகு டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

கொரோனா வந்தபோது எங்கள் வேலையே தலைகீழாக மாறியது. அதுவரை கவுன்ட்டருக்கு வந்தால்தான் சேவை. பிரிண்டரில் பேப்பர் சிக்கியது, மவுஸ் நகரவில்லை, இப்படித்தான் புகார் வரும். திடீரென்று எல்லோரும் வீட்டிலிருந்து வகுப்பெடுக்க வேண்டும் என்றானதும் புகார்கள் எல்லாம் போனில் வந்தன. பிள்ளைகளிடம் கம்ப்யூட்டர் கிடையாது, போன்தான். அதனால் பாடம், தேர்வு, வருகைப்பதிவு எல்லாம் போனில் திறக்கும்படி மாற்றவேண்டியிருந்தது. ஆசிரியர்களின் கம்ப்யூட்டரைத் தன் வீட்டிலிருந்தே பார்த்துச் சரிசெய்கிற வழியையும் அவர்தான் கொண்டுவந்தார். இணைப்புக் கொடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் "நான் பாக்கக்கூடாததெல்லாம் மூடிருங்க. மூடிட்டுச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்" என்பார். "எங்கிட்ட மூட என்ன சார் இருக்கு?" என்று சிரித்த ஒரு பேராசிரியரின் திரையில், அவர் மச்சினன் அனுப்பிய சொத்துச் சண்டைச் செய்தி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. பேராசிரியர் பதறிப்போனார். இவர் எதையும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அவரைப் போனில் கூப்பிட்டபோது அவர் மனைவி எடுத்தார்.

"செத்த நேரம் கழிச்சுக் கூப்புடுறீங்களா? யாரோ பாஸ்வேர்ட் அடிக்கிறாங்களாம். இவரு சுவத்தப் பாத்து நிக்கிறாரு."

"வீட்டுலயா? அவங்க அடிக்கிறது இவருக்கு வெறும் புள்ளியாத்தான தெரியும்?"

"அதத்தேன் நானும் கேட்டேன். சும்மா இருடிங்கிறாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். உண்மையில் எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. யாரும் பார்க்காத இடத்திலும் திரும்பி நிற்கிறவர் நடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டதல்லவா?

வகுப்புகள் மறுபடி நேரில் தொடங்கியபோது எல்லோருக்கும் ஆளுக்கு நாலு கணக்கு சேர்ந்திருந்தது. மெயில், பாடத்தளம், வருகைப்பதிவு, நூலகம். மறக்கிறவர்கள் கூட்டம் தாங்கவில்லை. பழைய வழக்கப்படி துறைத்தலைவர் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். பரீட்சை நேரத்தில் யார் காத்திருப்பார்கள்? சிஸ்டம் சார் அதை எளிதாக்கினார். கவுன்ட்டரில் ஒரு கம்ப்யூட்டரை வரிசைப்பக்கம் திருப்பி வைத்தார். அதில் தன்னுடைய நிர்வாகக் கணக்கை, அதாவது எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றுகிற அதிகாரம் உள்ள பக்கத்தை, திறந்து கொடுப்பார். வந்தவர் உட்கார்ந்து தன் பெயரையும் புது பாஸ்வேர்டையும் அடிக்கவேண்டியது. இவர் திரும்பி நிற்பார். ஒரு வாரத்து வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. இயக்குநர் கூட்டத்தில் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினோம். பெயரடிக்கிற போதும் இவர் திரும்பித்தான் நிற்கிறார் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெண் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டில் காய் தரம்பிரிக்கிற பெண்களைப் பற்றிய ஆய்வு. அம்மாவே அந்த வேலை செய்தவர்தான். அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து தக்காளி பொறுக்கிக்கொண்டே பேட்டி எடுத்தாளாம். கவுன்ட்டருக்கு வந்தால் "ஏனுங்க மேடம், நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்காமல் போகமாட்டாள். அவளை எனக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவள் கொஞ்ச நாள் ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மெயில் திறக்கவில்லை. தானே மறந்துவிட்டதாக நினைத்து, எங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்து புது பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டு போனாள்.

சில மாதம் கழித்து அவளுடைய ஆய்வேடு காப்பி சோதனைக்கு வந்தது. வேறெங்கிருந்தாவது எடுத்து எழுதியிருக்கிறதா என்று பார்க்கிற மென்பொருள் அது. எங்கள் சென்டரில்தான் ஓடும், அறிக்கையை எடுத்துத் தருவது என் வேலை. மூன்றாவது அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. இணையத்தில் ஏற்கெனவே வெளியான ஒரு கட்டுரையோடு அட்டவணை உட்பட அப்படியே ஒத்துப்போகிறது என்றது. கட்டுரையை எழுதியவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

அறிக்கையைக் கொடுத்தபோது அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது நானெழுதுனதுங்க மேடம். எங்கம்மா பேட்டிகூட இதுல இருக்குதுங்க. இந்தக் கட்டுரை வந்தப்ப நான் அவருகிட்ட இதக் குடுக்கவேயில்லீங்க. என் மெயில்லதான் வெச்சிருந்தேன்."

காப்பி அடித்தவள் என்று முடிவானால் பதிவையே ரத்துசெய்துவிடுவார்கள். அவ்வளவு வருடமும் போகும், பெயரும் போகும். பின்னால் உட்கார்ந்திருந்த சிஸ்டம் சார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஊரிலிருந்த நாட்களில் ஒரு நாள் அவளுடைய பாஸ்வேர்ட் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியது யார் என்ற இடத்தில் சிஸ்டம் சாரின் நிர்வாகக் கணக்கு இருந்தது.

"நீங்களா சார்?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"என் கணக்குதேன்." முகம் வெளிறிப்போயிருந்தது. "அன்னிக்கு வழிகாட்டி சார் வந்தாருமா. பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னாரு. இந்தச் சேர்லதேன் உக்காந்தாரு. நான் திரும்பி நின்னேன். அவரு யாரு பேர அடிச்சாருன்னு நான் பாக்கலம்மா."

அவரே போய் இயக்குநரிடம் சொன்னார். "நீங்க பாத்தீங்களா? இல்லேல்ல? அப்புறம் எதுக்கு வாயக் குடுக்குறீங்க? நிர்வாகப் பக்கத்தைப் பொதுவுல திறந்து வச்சதுக்கு முதல்ல உங்க வேலதான்யா போகும்" என்று இயக்குநர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. புகார் கொடுத்தாள். விசாரணைக்குழு போட்டார்கள். குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார்கள்.

வழிகாட்டி நிதானமாகப் பேசினார். கட்டுரை தன்னுடையது, மாணவி அதைத்தான் எடுத்துக்கொண்டாள், பாவம் சின்னப்பெண், மன்னித்துவிடலாம் என்றார். பாஸ்வேர்டைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, அதைக் கம்ப்யூட்டர் சென்டரைத்தான் கேட்கவேண்டும் என்றார். அதையும் நான் குறிப்பில் எழுதவேண்டியிருந்தது. குழுத்தலைவர் சிஸ்டம் சார் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர்தான், யாருக்கும் சேதமில்லாமல் முடிக்கப் பார்த்தார்.

"பாருங்க, உங்க கணக்குலதான் மாறியிருக்கு. அந்தப் பொண்ணு ஊர்லருந்து போன் பண்ணிக் கேட்டுச்சு, நீங்க மாத்திக் குடுத்தீங்க. அப்படித்தான நடந்திருக்கும்? அப்படின்னு எழுதிக்கிட்டா உங்களுக்கும் பிரச்சனையில்ல."

அந்தப் பெண் சிஸ்டம் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் அவள் கதை முடிந்தது. இல்லையென்றால் இவர் கதை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"போன் வரல சார்" என்றார். "வந்தது இவருதேன். எல்லாரு பாஸ்வேர்டையும் மாத்துற பக்கத்த நான் திறந்து இவரு கையில குடுத்தேன். குடுத்துட்டுத் திரும்பி நின்னேன்."

"என்ன அடிச்சாருன்னு பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்காம எப்படி இவர்தான்னு சொல்றீங்க?"

"அந்த நேரத்துல அந்தச் சேர்ல வேற யாரும் உக்காரல சார். மாறுன நேரம் கம்ப்யூட்டர்ல இருக்கு. இவரு வந்துட்டுப் போனது வாசல் கேமராவுல இருக்கும், அத ஒரு வருசம் அழிக்கமாட்டோம், எடுத்துப் பாருங்க. பாஸ்வேர்டப் பாக்கக்கூடாது சார். ஆனா பேரப் பாத்திருக்கணும். அது என் வேல. நான் பாக்கல. இதையும் எழுதிக்கங்க."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

கேமராவை எடுத்துப் பார்த்தார்கள். வழிகாட்டிக்கு எச்சரிக்கை. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். இன்னும் அதே துறையில்தான் இருக்கிறார். பார்த்தால் நான் வணக்கம் வைப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு வழிகாட்டி கிடைத்தார், அத்தியாயம் அவளுடையதே என்று எழுதிக் கொடுத்தார்கள். சிஸ்டம் சாரைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, பழைய மானிட்டர்களும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கிற ஸ்டோருக்குப் போட்டார்கள். அந்த வருடத்து ஊதிய உயர்வும் இல்லை. கொஞ்ச நாளில் அவராகவே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஸ்டோருக்குப் போவதற்கு முந்தின நாள், கவுன்ட்டரில் அவருக்குக் கடைசி நாள். அந்தப் பெண் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன்.

"பாஸ்வேர்ட் மாத்தோணுங்க சார்."

அவர் பக்கத்தைத் திறந்தார். வழக்கம்போல எழுந்தார், கைகள் பின்னால் போயின.

"திரும்பாதீங்க" என்றாள். குரல் கறாராக இருந்தது. "அன்னிக்கு ஒருக்கா நீங்க பாத்திருந்தா எனக்கு இத்தனை மாசம் போயிருக்காதுங்க. எங்கம்மாகிட்ட நான் திருடலைன்னு சத்தியம் பண்ணியிருக்க வேண்டியதில்லீங்க."

"ஆமாம்மா" என்றார்.

"நான் யாரு பேர அடிக்கிறேன்னு பாருங்க."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை, கூச்சம் தெரிந்தது. அவள் அடித்த பெயரை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். அவளிடம் அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த பெயரையும் படித்தார். பிறகு அதிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அறிய அவர் ஒருவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீதேம்மா. சரி, இனி பாஸ்வேர்ட அடி."

அவள் அடிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முழுதாகச் சுவர்ப்பக்கம் திரும்புகிறவரை காத்திருந்தாள்.